சாகக் கிடக்குற ஹார்ட் டிஸ்க்கை வீட்டுலயே பிழைக்க வைக்க முடியுமா?

நீங்க கேட்டது இதுதான்: லேப்டாப்ல இருக்குற 1 டிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாரமா ரொம்ப ஸ்லோ, ஃபோட்டோ ஃபோல்டரைத் திறந்தா பச்சைக் கோடு ஓடிக்கிட்டே இருக்கு, நடுநடுவுல டிக்குன்னு ஒரு சத்தம், விண்டோஸ் ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் பண்ணி சரி பண்ணவான்னு கேக்குது, பேக்கப் எதுவும் இல்ல, விண்டோஸோட டிஸ்க் சரிபார்க்குற கருவியான செக்டிஸ்க்கை ஓட விடலாமா, ஃப்ரீசர்ல வச்சா சரியாகும்னு சொல்றாங்களே உண்மையா, வீட்டுலயே ரிப்பேர் பண்ண வழி இருக்கா.

பதிலைப் படிக்கிறதுக்கு முன்னாடி அந்த லேப்டாப்பை ஆஃப் பண்ணிடுங்க. இதைப் போன்லயோ வேற கம்ப்யூட்டர்லயோ படிங்க. பழுதான டிரைவ் கரன்ட்ல இருக்குற ஒவ்வொரு மணி நேரமும் அதோட மிச்ச ஆயுசுல இருந்துதான் போகுது. நீங்க எதுவும் செய்யாம சும்மா டெஸ்க்டாப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தாக் கூட விண்டோஸ் பின்னாடி அதுல எழுதிக்கிட்டும் படிச்சுக்கிட்டும்தான் இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். டிரைவைப் பிழைக்க வைக்கிறது ஒரு வேலை, டிரைவுக்குள்ள இருக்குறதை வெளிய எடுக்கிறது வேற வேலை. பெரும்பாலானவங்க இது ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு முதல் வேலையில இறங்கிடறாங்க, அதுலதான் ரெண்டாவது வேலைக்கு இருந்த வாய்ப்பும் போயிடுது. உடம்பு கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க் மறுபடி நம்பகமான ஹார்ட் டிஸ்க் ஆகாது, வீட்டுல மட்டும் இல்ல, எந்த டேட்டா ரெக்கவரி லேப்லயும் ஆகாது. அந்த லேப்ல டிரைவோட ஹெட்டை, அதாவது டேட்டாவைப் படிச்சு எழுதுற முனையை, மாத்துறவங்க கூட டேட்டாவை ஒரே ஒரு தடவை முழுசாப் படிச்சு எடுக்கிற வரைக்கும் அது ஓடினாப் போதும்னுதான் மாத்துறாங்க. எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்னு சொல்வாங்களே, அந்தக் கணக்குதான் இங்க. எதை முதல்ல எடுக்கணும், எப்படிக் குறைஞ்ச சேதத்தோட எடுக்கணும், இதை மட்டும் யோசிங்க.

ஏன் ஸ்லோ ஆகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானாப் புரியும். உள்ள ஒரு தட்டு, இல்லாட்டி அடுக்கா ரெண்டு மூணு தட்டு, லேப்டாப் டிரைவ்ல பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து, டெஸ்க்டாப்ல 7200. தட்டு மேல ஹெட் பறக்குது, தொடாது, நடுவுல இருக்குற இடைவெளி வெறும் சில நானோமீட்டர்தான். நம்ம தலைமுடியோட தடிமனே 50,000 நானோமீட்டருக்கு மேல போகும், அதை வச்சு யோசிச்சுப் பாருங்க. டேட்டா 512 பைட் இல்லன்னா 4096 பைட் கொண்ட செக்டர்களா இருக்கும், ஒவ்வொரு செக்டரோடயும் தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்துறதுக்கான கோடும் சேர்ந்தே இருக்கும். ஒரு செக்டர் சரியாப் படிக்க முடியலைன்னா டிரைவ் உடனே கையை விரிச்சிடாது, ஹெட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தி திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்க்கும், இது ஒரே செக்டருக்குப் பல செகண்ட் ஆகும், அதுக்கப்புறம் விண்டோஸ் தன் பங்குக்கு மறுபடி கேக்கும், டிரைவ் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். நீங்க பார்க்குற பச்சைக் கோடு இதுதான். அந்த டிக் சத்தம், ஹெட் இடம் தெரியாமத் திரும்பி வந்து மறுபடி போற சத்தமா இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனா டிரைவ்தான் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி சும்மா வர்ற கோளாறுகளையும் ஒரு தடவை பார்த்துடணும், ஏன்னா டிரைவ் நல்லா இருந்தும் செத்த மாதிரி நடிக்கிற கேஸ் நிறைய உண்டு. டிரைவைக் கம்ப்யூட்டரோட இணைக்குற சாட்டா கேபிள் தளர்ந்திருந்தா இதே மாதிரி தொங்கும், டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் பட்டியல்ல 199ஆம் நம்பர், யுடிஎம்ஏ சிஆர்சி எரர்னு இருக்கும், அது மட்டும் ஏறிக்கிட்டு இருந்து கெட்ட செக்டர் கணக்கெல்லாம் பூஜ்யமா இருந்தா குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். யுஎஸ்பில மாட்டுற 2.5 இஞ்ச் டிரைவா இருந்தா, அது சுத்த ஆரம்பிக்கிற நேரத்துல 1 ஆம்பியர் கிட்ட கூட இழுக்கும், பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தர்றது 500 மில்லிஆம்ப், அதனால சுத்தப் பார்த்து நின்னு, சுத்தப் பார்த்து நின்னு, டிக் டிக்குன்னு கேக்கும், நீளமான கேபிளை எடுத்துட்டு சிபியு பின்பக்க யுஎஸ்பி 3 போர்ட்ல நேரா மாட்டினா எழுந்து உட்காரும். இன்னொண்ணு, எக்ஸ்டர்னல் பெட்டியில இருந்து பிரிச்செடுத்த பெரிய டிரைவை டெஸ்க்டாப்ல மாட்டினா சுத்தவே மாட்டேங்குதுன்னு பல பேர் அதைச் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடப் பார்ப்பாங்க. 2016ல வந்த சாட்டா 3.3 ஸ்பெக்ல பவர் கனெக்டரோட மூணாவது பின்னுக்கு வேற வேலை குடுத்துட்டாங்க, அதுல 3.3 வோல்ட் வந்தா டிரைவ் ஆஃப்ல இருக்கும், பழைய பவர் சப்ளை அந்தப் பின்ல 3.3 வோல்ட்டை விடாமக் குடுத்துக்கிட்டே இருக்கும். அந்தப் பின் மேல சின்னதா ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டினா டிரைவ் சாதாரணமா ஓடும், அதுல எந்த நோயும் கிடையாது.

உங்க கேஸ் அப்படித் தெரியல. இருந்தாலும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை ஒரே ஒரு தடவை பாருங்க, அதைப் படிக்கிறதால டிரைவுக்குப் பெருசா சிரமம் இல்ல. விண்டோஸ்ல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸ்ல ஸ்மார்ட்சிடிஎல். பார்க்க வேண்டியது 5ஆம் நம்பர், அதாவது கெட்டுப்போய் மாத்து செக்டர் குடுக்கப்பட்டவை, அப்புறம் 197, அதாவது படிக்க முடியாம முடிவுக்காகக் காத்துக்கிட்டு இருக்குறவை, அதோட 198, அதாவது சோதிச்சும் திருத்த முடியாமப் போனவை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த எண்ணிக்கையை வழக்கமா பதினாறடிமானத்துல காட்டும், 64ன்னு இருந்தா உண்மையில 100, செட்டிங்ல பத்தடிமானமா மாத்திக்கிட்டுப் பாருங்க, நம்பரைத் தப்பாப் படிச்சுட்டு நிம்மதியா இருக்குறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். 2007ல கூகுள் தன்னோட டிரைவ்களை வச்சு வெளியிட்ட ஆய்வுல, முதல் ஸ்கேன் எரர் வந்த டிரைவ் அடுத்த 60 நாளுக்குள்ள செத்துப் போற வாய்ப்பு, எரர் வராத டிரைவை விட 39 மடங்கு அதிகம்னு இருக்கு. அதே ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு, செத்துப்போன டிரைவ்கள்ல பாதிக்கு மேல முக்கியமான நாலு ஸ்மார்ட் கணக்குல ஒண்ணைக் கூடக் காட்டாமலே போயிருக்கு. அதனால ஸ்மார்ட் கெட்டதுன்னு சொன்னா நம்புங்க, நல்லதுன்னு சொன்னா முழுசா நம்பாதீங்க. மேல பச்சையில குட்னு எழுதியிருக்குறதைப் பார்த்துட்டுப் பேசாம இருந்துடக் கூடாது.

இப்ப நீங்க கேட்ட செக்டிஸ்க். வேண்டாம். தயவு செஞ்சு வேண்டாம். செக்டிஸ்க்கோட வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற கணக்கைச் சீராக்குறது, உங்க ஃபோட்டோவைக் காப்பாத்துறது அதோட வேலையே இல்ல. படிக்க முடியாத இடத்துல ஒரு ஃபோல்டரோட விவரம் இருந்தா, அந்த என்ட்ரியையே நீக்கிட்டு இப்ப எல்லாம் சீரா இருக்குன்னு முடிச்சுக்கும், துண்டு துண்டா மிச்சம் இருக்குறதை பேர் இல்லாத ஃபைல்களா ஒரு ஃபோல்டர்ல கொட்டி வச்சிடும். நல்ல டிரைவ்ல கரன்ட் போனதால குழம்பின ஃபைல் சிஸ்டத்துக்கு அது அருமையான கருவிதான், ஆனா படிக்கவே தடுமாறுற டிரைவ்ல அது எழுதவும் செய்யும், முழு டிஸ்க்கையும் உரசிப் பார்க்கச் சொல்லிட்டா பல மணி நேரம் ஓடவும் செய்யும், ரெண்டுமே கேடு. விண்டோஸ் பூட் ஆகும்போது தானா ஆரம்பிக்கப் பார்க்கும், ஒரு கீயை அழுத்தினா நிறுத்தலாம்னு சில செகண்ட் காட்டும், அதை விட்டுடாதீங்க. டிஃப்ராக், ஃபார்மேட் பண்ணவான்னு வர்ற கேள்வி, செக்டரை உயிர்ப்பிச்சுத் தரேன்னு சொல்ற சாஃப்ட்வேர், எல்லாத்துக்கும் இதே பதில்தான். காந்தப் பூச்சு உரிஞ்சு போன இடத்தையோ தேஞ்ச ஹெட்டையோ எந்த சாஃப்ட்வேரும் சரி பண்ணாது, அது செய்யுறது எல்லாம் கெட்ட செக்டர் மேல திரும்பத் திரும்பப் படிக்கிறதும் எழுதுறதும்தான். லோ லெவல் ஃபார்மேட்னு இப்ப சொல்றதும் வெறும் பூஜ்யம் எழுதுறதுதான், ஃபேக்டரியில போடுற அந்த ட்ராக் அமைப்பை வீட்டுல யாராலயும் போட முடியாது.

ஃப்ரீசர் விஷயத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கு, அதை முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து டிரைவ்கள்ல ஹெட் தட்டு மேலயே இறங்கி உட்காரும், சில சமயம் அங்கேயே ஒட்டிக்கிட்டு மோட்டார் சுத்த முடியாம நிக்கும், குளிர்ல உலோகம் கொஞ்சம் சுருங்கி அந்தப் பிடி விட்டு டிரைவ் கொஞ்ச நேரம் ஓடும், அப்படி ஓடினவங்க சொல்லிச் சொல்லி இது பரவிடுச்சு. இப்ப இருக்குற டிரைவ்கள்ல ஹெட் ஓய்வெடுக்கிறது தட்டுக்கு வெளிய ஒரு சரிவுப் படியில. அதை விட முக்கியம், சாதாரண ஹார்ட் டிஸ்க் முழுசா அடைச்ச பெட்டி கிடையாது, ஃபில்டரோட ஒரு சின்ன மூச்சு ஓட்டை இருக்கும், லேபிள்ல இதை மூடாதீங்கன்னு போட்டிருக்குமே அதான். ஃப்ரீசர்ல இருந்து வெளிய எடுத்த உடனே ஈரக் காத்து பட்டு வேர்க்கும், போர்டுலயும் வேர்க்கும், உள்ள தட்டுலயும் படியலாம், நானோமீட்டர் இடைவெளியில பறக்குற ஹெட்டுக்கு ஒரு தண்ணிப் படலம் சுவர் மாதிரி. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி, டிரைவ்களோட இயங்கு வெப்பநிலையா தயாரிப்பாளர் போடுறது பொதுவா 0ல இருந்து 60 டிகிரி செல்சியஸ். குளிர்ச்சி வேணும்னா டிரைவ் மேல ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைங்க, அது உண்மையிலேயே உதவும், 50 டிகிரி தாண்டினா நிறுத்தி ஆற விடுங்க.

தட்டுறது, குலுக்குறது, கையில வச்சு வேகமாத் திருப்புறது, இதெல்லாம் இப்ப வேண்டாம். 2.5 இஞ்ச் டிரைவ்கள்ல பலதோட தட்டு கண்ணாடிங்கிறது நிறையப் பேருக்குத் தெரியாது.

மூடியைத் திறந்து பார்க்கலாமான்னு அடுத்த கேள்வி வரும். ஹெட் பறக்குற உயரத்தை மேலயே சொன்னேன், வீட்டுக் காத்துல மிதக்குற தூசி அதை விடப் பல மடங்கு பெருசு. திறந்து வச்சும் ஓடுதுன்னு வீடியோ போடுறாங்க, ஓடும்தான், கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துல உங்க 1 டிபியைப் படிச்சு முடிக்க முடியாது. பெரிய கொள்ளளவு டிரைவ்கள் பலதுல உள்ள காத்தே கிடையாது, 2013ல இருந்து ஹீலியம் அடைச்சு சீல் பண்ணி வருது, அதைத் திறந்தா அன்னிக்கே கதை முடிஞ்சுது.

டிரைவோட அடியில இருக்குற சர்க்யூட் போர்டு மட்டும் கொஞ்சம் வேற கதை, இங்க வீட்டுலயே நிஜமா சரி பண்ண முடிஞ்ச கேஸ் உண்டு. டிரைவ் சுத்தவே இல்ல, சத்தமே இல்ல, கருகின வாசனை, அல்லது 12 வோல்ட் அடாப்டர் இருக்க வேண்டிய இடத்துல லேப்டாப்போட 19 வோல்ட் அடாப்டரைச் சொருகிட்டாங்க, இப்படி இருந்தா போர்டுல 5 வோல்ட் லைன்லயும் 12 வோல்ட் லைன்லயும் டிவிஎஸ் டையோடுன்னு காவலுக்கு ஒண்ணொண்ணு இருக்கும். வோல்டேஜ் ஏறினா அது தன்னையே ஷார்ட் ஆக்கிக்கிட்டு மத்த சிப்பைக் காப்பாத்தும். மல்டிமீட்டர்ல அதோட ரெண்டு முனையிலயும் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டினா அது தன் கடமையைச் செஞ்சுட்டுச் செத்துருக்குன்னு அர்த்தம், அந்த டையோடை எடுத்துட்டா டிரைவ் மறுபடி சுத்த வாய்ப்பு இருக்கு. ஆனா இப்ப காவல் இல்ல, அதனால நல்ல பவர் சப்ளையில மாட்டி டேட்டாவை எடுத்துட்டு நிறுத்திடணும். சாலிடரிங் பழக்கம் இருக்குறவங்க மட்டும் கை வைங்க. அதே மாடல் டிரைவ்ல இருந்து போர்டை மாத்திப் போட்டா சரியாயிடும்னு சொல்றது பழைய காலத்துப் பேச்சு, இப்ப ஒவ்வொரு டிரைவோட ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏத்த மாதிரி ஃபேக்டரியில அளந்து எழுதின அளவுகள் போர்டுல இருக்குற சின்ன ரோம் சிப்ல இருக்கு, பெரும்பாலும் எட்டுக் கால் சிப், அதையும் சேர்த்து மாத்தாம வேற போர்டைப் போட்டா டிரைவ் தன் தட்டையே அடையாளம் தெரியாம நிக்கும்.

வீட்டுல உயிர் வந்த கேஸ்னு உலகம் முழுக்கப் பேசப்பட்டது ஒண்ணு உண்டு. சீகேட்டோட பாரகூடா 7200.11 வரிசையில ஃபர்ம்வேர், அதாவது டிரைவுக்குள்ளயே ஓடுற மென்பொருள், கோளாறு, 2009 ஜனவரியில பெரிய விஷயம் ஆச்சு, டிரைவ் ஆன் ஆகும்போதே பிஸி நிலையில மாட்டிக்கும், கம்ப்யூட்டர் கிளம்பும்போது வர்ற பயோஸ்ல கூடத் தெரியாது. சீரியல் அடாப்டர் ஒண்ணை டிரைவோட பின்னுல மாட்டி டெர்மினல்ல சில கட்டளை அடிச்சே பல பேர் அதை மீட்டாங்க, கம்பெனியும் திருத்தின ஃபர்ம்வேரை வெளியிட்டுச்சு. அங்க தட்டும் ஹெட்டும் ஆரோக்கியமா இருந்துது, அதனாலதான் முடிஞ்சுது. அந்தக் கட்டளைகளை எடுத்து இப்ப வேற டிரைவ்ல அடிச்சுப் பார்க்காதீங்க, சிலது டிரைவோட உள் அட்டவணையையே அழிச்சிடும்.

சரி, உங்க டிரைவ். சுத்துது, அடையாளம் தெரியுது, ஃபோல்டர் கொஞ்சமாவது திறக்குது. இது நல்ல நிலைமை, வீட்டுலயே எடுக்க முடியுற நிலைமை. டிக் சத்தம் எப்பவாவது ஒண்ணுன்னா கீழ சொல்றதைச் செய்யலாம். ஆன் பண்ணின உடனேயே ஒரே தாளத்துல டிக் டிக் டிக்னு அடிச்சு அப்புறம் நின்னு போயிட்டாலோ, பீப் மாதிரி மெல்லிசா முனகினாலோ, உரசுற சத்தம் வந்தாலோ கரன்டை உடனே நிறுத்திடுங்க, அது ஹெட் கெட்டுப்போனதோ மோட்டார் இறுகிப்போனதோ, உரசல்னா தட்டு மேல இருக்குற பூச்சே, அதாவது உங்க ஃபோட்டோவே, தூளா உதிர்ந்துக்கிட்டு இருக்கு. அதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது, சுத்தமான அறை வச்சிருக்குற டேட்டா ரெக்கவரி லேப்தான், போகும்போது இதுவரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க.

ரொம்ப முக்கியமானது சில ஃபோல்டர்தான், அதோட அளவும் சின்னதுன்னா, முதல்ல அதை மட்டும் எடுத்துடலாம்னு தோணும். டிரைவ் ஓரளவு வேகமாப் படிக்குதுன்னா செய்யலாம், ஆனா எக்ஸ்ப்ளோரர்ல இழுத்துப் போடாதீங்க, தம்ப்நெயில் உருவாக்குறேன்னு அது ஃபோல்டர்ல இருக்குற எல்லா ஃபோட்டோவையும் தொடும், ஒரு கெட்ட செக்டர்ல மாட்டினா மொத்தமும் தொங்கும். சரியான வழி டிரைவை அடியில இருந்து செக்டர் செக்டரா இன்னொரு டிரைவுக்கோ, முழு டிரைவையும் ஒரே ஃபைலா வைக்கிற இமேஜ் ஃபைலுக்கோ நகல் எடுக்குறது, மத்த எல்லா ஆராய்ச்சியையும் அந்த நகல் மேல பண்றது. அதுக்கு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூன்னு இலவச மென்பொருள், சிஸ்டம்ரெஸ்க்யூ மாதிரி, பென் டிரைவ்ல இருந்தே ஓடுற லினக்ஸ் லைவ் யுஎஸ்பில கூடவே வருது. லேப்டாப்பை அந்த யுஎஸ்பில இருந்து பூட் பண்ணினா விண்டோஸ் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது, அதுவே பாதி நிம்மதி. வெளிய கழட்டி இன்னொரு கம்ப்யூட்டர்ல நேரடியா சாட்டாவுல மாட்ட முடிஞ்சா அது இன்னும் நல்லது, மலிவு யுஎஸ்பி அடாப்டர்கள் எரர் வந்தா டிரைவையே காணோம்னு சொல்லிடும்.

டிடிரெஸ்க்யூ ஏன் நல்லதுன்னா அது பிடிவாதம் பிடிக்காது. கெட்ட இடம் வந்தா அங்கேயே நின்னு மல்லுக்கட்டாம தாண்டிக் குதிச்சுப் போகும், நல்லா இருக்குற பகுதியை எல்லாம் முதல்ல அள்ளிக்கும், அப்புறம் எதிர்ப்பக்கத்துல இருந்து வரும், கடைசியாத்தான் கெட்ட இடத்தோட ஓரங்களைச் செதுக்கி உள்ள போகும். எதை எடுத்தாச்சு எதை விட்டாச்சுன்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சுக்கிட்டே வரும், நடுவுல கரன்ட் போனாலும் டிரைவ் தொங்கினாலும் ரீஸ்டார்ட் பண்ணி அதே கட்டளையை அடிச்சா விட்ட இடத்துல இருந்து தொடரும். அந்த மேப் ஃபைலை லைவ் யுஎஸ்பியோட டெஸ்க்டாப்ல சேமிக்காதீங்க, அது ரேம்ல இருக்கு, ரீஸ்டார்ட் ஆனதும் போயிடும், மூணாவதா ஒரு பென் டிரைவ்ல வைங்க. மேப் ஃபைல் குடுக்காமலும் டிடிரெஸ்க்யூ ஓடும், அப்படி ஓட்டினா அதோட பாதிப் பலன் போச்சு.

கட்டளையில முதல்ல வர்றது சோர்ஸ், அடுத்தது டெஸ்டினேஷன், மூணாவது மேப் ஃபைல். இந்த வரிசை மாறினா காலி டிரைவை உங்க ஃபோட்டோ மேல எழுதிடும். டெஸ்டினேஷன் முழு டிரைவா இருந்தா ஃபோர்ஸ் ஆப்ஷன் குடுக்காம அது எழுதாது, அந்த இடத்துல நிறுத்தி ரெண்டு டிரைவோட மாடல் நம்பரையும் சீரியல் நம்பரையும் ஸ்டிக்கர்ல இருக்குறதோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு அப்புறம் என்டர் அடிங்க. ஒரே அளவு டிரைவ் ரெண்டு மாட்டியிருந்தா இது ரொம்ப ரொம்ப முக்கியம். டெஸ்டினேஷன் சோர்ஸுக்குச் சமமாவோ பெருசாவோ இருக்கணும், இமேஜ் ஃபைலாப் போடுறதுன்னா ஃபேட்32 டிரைவ் ஆகாது, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. பழுதான டிரைவை எந்த நேரத்துலயும் மவுண்ட் பண்ணாதீங்க, அதாவது சிஸ்டத்துல திறக்காதீங்க, ஐகான் தெரியுதேன்னு கிளிக் பண்ணாதீங்க.

முதல் சுத்துல ஸ்க்ரேப், அதாவது கெட்ட இடத்தைச் செதுக்குறது, வேண்டாம்னு சொல்ற ஆப்ஷனையும் நேரடியாப் படிக்கச் சொல்ற டைரக்ட் ஆப்ஷனையும் போட்டு ஓட விடுங்க, ரீட்ரை பூஜ்யம். இந்தச் சுத்துலயே பெரும்பாலும் 99 சதவீதத்துக்கு மேல வந்துடும், தட்டுல பெரிய சேதம் இல்லன்னா. அதுக்கப்புறம் ஸ்க்ரேப்போட ரெண்டாவது சுத்து, டிரைவ் இன்னும் திடமா இருந்தா ரெண்டு மூணு ரீட்ரை, ஒரு தடவை பின்னாடி இருந்து முன்னாடி படிக்கிற ரிவர்ஸ். அதுக்கு மேல வதைக்காதீங்க, மிச்சம் இருக்குற சில கேபியில ஒரு ஃபோட்டோ இருக்கலாம், விண்டோஸோட ஏதோ ஒரு ஃபைல் கூட இருக்கலாம்.

நேரம் எவ்வளவு ஆகும்னா, செகண்டுக்கு 100 எம்பி வேகம் கிடைச்சா 1 டிபிக்கு மூணு மணி நேரத்துக்குள்ள முடியும். 1 எம்பிக்கு விழுந்தா அதே டிரைவுக்கு கிட்டத்தட்ட பதினோரு பன்னெண்டு நாள். ரொம்ப மெதுவா ஆனா எரரே இல்லாமப் போனா கொஞ்சம் நிறுத்தி ஆற வச்சு மறுபடி ஆரம்பிச்சுப் பாருங்க, சில டிரைவ் ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் பழைய வேகத்துக்கு வரும். அடிக்கடி ஆன் ஆஃப் பண்றதும் நல்லதில்ல, ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் சிரமம் அதிகமா வர்றது கிளம்புற நேரத்துலதான், அதனால வேகம் நியாயமா இருந்தா தொடர்ந்து ஓட விட்டுடுங்க. மேப் ஃபைலைப் படமாக் காட்டுற டிடிரெஸ்க்யூவியூன்னு ஒண்ணு இருக்கு, அதுல கெட்ட இடங்கள் ஒரே இடைவெளியில கோடு கோடாத் திரும்பத் திரும்ப வந்தா ஒரு ஹெட் மட்டும் செத்துருக்குன்னு அர்த்தம், மத்த ஹெட் படிக்கிறதை எல்லாம் எடுத்துட்டு அங்கேயே நிறுத்திடணும், செத்த ஹெட்டை அந்தத் தட்டு மேல இழுக்க இழுக்க லேப்காரங்களுக்கு மிச்சம் இருக்காது. ஒரே இடத்துல கொத்தா இருந்தா அது தட்டுல அந்த இடத்துச் சேதம், சுத்தியிருக்குறது பத்திரம்.

நகல் எடுத்து முடிச்சதும் பழைய டிரைவைக் கழட்டி எடுத்து வச்சிடுங்க. இப்ப நகல் மேல எதுவும் செய்யலாம், முடிஞ்சா அந்த நகலுக்கும் ஒரு நகல் எடுத்துக்கிட்டு. விண்டோஸ்ல மாட்டினா ஃபோல்டர் அப்படியே திறக்கலாம், இல்லன்னா செக்டிஸ்க்கை இங்க ஓட விடலாம், இதுதான் அதுக்கான இடம். பார்ட்டிஷனே தெரியலைன்னா டெஸ்ட்டிஸ்க், ஃபோல்டர் அமைப்பு சிதைஞ்சு போயிருந்தா ஃபோட்டோரெக், ரெண்டும் இலவசம், ஃபோட்டோரெக் ஃபைல் பேரையும் ஃபோல்டரையும் தராது, படத்தை மட்டும் அடையாளம் கண்டு எடுத்துக் குடுக்கும், தேதி படத்துக்குள்ளேயே இருக்குறதால அதை வச்சு அடுக்கிக்கலாம். எந்த ஃபைல் அடிபட்டிருக்குன்னு தெரியணுமா, டிடிரெஸ்க்யூல ஃபில் மோடுன்னு ஒண்ணு இருக்கு, எடுக்க முடியாத செக்டர்ல எல்லாம் நீங்க சொல்ற ஒரு வார்த்தையை நகல்ல எழுதி வச்சிடும், அப்புறம் எல்லா ஃபைல்லயும் அந்த வார்த்தையைத் தேடினா அடிபட்ட ஃபைலோட பட்டியல் கையில வந்துடும். ஃபோட்டோ பாதி சாம்பல் நிறமா வர்றதை ஒவ்வொண்ணாத் திறந்து தேட வேண்டியதில்ல.

ரெண்டு எச்சரிக்கை மட்டும் பாக்கி. புது லேப்டாப்கள் பலதுல விண்டோஸோட டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் தானாவே ஆன் ஆகியிருக்கும், அப்ப நகலும் பூட்டினபடிதான் வரும், அதுக்கு 48 இலக்க ரெக்கவரி கீ வேணும், உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேமிச்சிருக்கான்னு இப்பவே பார்த்து எழுதி வைங்க. எக்ஸ்டர்னல் டிரைவா இருந்தா, வெஸ்டர்ன் டிஜிட்டலோட சில மாடல்கள்ல பாஸ்வேர்டு போடாமலே பெட்டியில இருக்குற யுஎஸ்பி சிப் எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணித்தான் தட்டுல எழுதும், டிரைவை மட்டும் பிரிச்சு வேற பெட்டியில போட்டா குப்பையாத்தான் தெரியும், அதனால பெட்டியையும் அதோட போர்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. இதுல ஹெட், தட்டு பத்திச் சொன்னது எதுவும் எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது, அதுல ஹெட்டும் இல்ல தட்டும் இல்ல, அழிச்ச ஃபைலோட இடத்தைக் காலி பண்ணச் சொல்ற டிரிம் ஓடியிருந்தா அழிச்ச ஃபைலும் வராது.

கடைசியா அந்தப் பழைய டிரைவ். நகல்ல இருந்து ஃபோட்டோ எல்லாம் திறக்குதுன்னு பார்த்து, இன்னும் ரெண்டு இடத்துல காப்பி போட்டு வைக்கிற வரைக்கும் அதைத் தொடாதீங்க. அதுக்கப்புறம் ஆசை இருந்தா முழுசாப் பூஜ்யம் எழுதிப் பாருங்க, எழுதும்போதுதான் டிரைவ் கெட்ட செக்டரை நிஜமாச் சோதிச்சு மாத்து குடுக்கும். 197 பூஜ்யத்துக்கு வந்து 5உம் ஏறாம இருந்தா அந்தச் செக்டர்கள் எழுதிக்கிட்டு இருக்கும்போது கரன்ட் போனதால குழம்பினவையா இருக்கலாம், டிரைவ் இன்னும் கொஞ்ச காலம் ஓடும், படம் பார்க்க, தூக்கி எறிஞ்சாலும் பரவாயில்லாத ஃபைல் வைக்க அதை வச்சுக்கலாம். 5 ஏறிக்கிட்டே போனாலோ டிக் சத்தம் தொடர்ந்தாலோ அதோட நிறுத்திடுங்க. வேற யாருக்கும் குடுக்கறதா இருந்தா பூஜ்யம் எழுதினது முழுசா முடிஞ்சுதான்னு பாருங்க, பாதியில நின்னிருந்தா உள்ள உங்க ஃபோட்டோ இன்னும் இருக்கு.